பிள்ளையின் முதல் பகுதி நேர வேலை: பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆட்களை வேலைக்கு எடுப்பதும் அவர்களுக்கு வாராவாரம் ஷிப்ட் போடுவதும்தான் பல வருடங்களாக என் வேலை. தெரிந்தவர்கள் வீட்டுப் பிள்ளைகள் முதல்முறையாக வேலை தேடும்போது பக்கத்தில் உட்கார்ந்து உதவுவதும் உண்டு. என் மூத்த பிள்ளைக்கு வேலை தேடிய காலத்தில் நான் செய்த அதே தவறுகளை இன்றைக்கு வரும் பெற்றோரும் அப்படியே செய்கிறார்கள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். நேரத்துக்குப் போ, சுத்தமாக உடுத்து, போனை நோண்டாதே என்பதையெல்லாம் எல்லா வீட்டிலும் சொல்லிவிடுகிறார்கள். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

சட்டத்தைப் பார்க்காமல் கிளம்புவது

எந்த வயதில், எத்தனை மணி நேரம், எத்தனை மணி வரை வேலை செய்யலாம் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1973ஆம் ஆண்டு ஒப்பந்தம் ஒன்று, வேலைக்கான குறைந்தபட்ச வயது 15 என்கிறது. வளரும் நாடுகள் அதை 14 என்று தொடங்கலாம். படிப்பையும் உடம்பையும் கெடுக்காத இலகுவான வேலைக்கு 13 வயது முதல் நாடுகள் அனுமதி தரலாம். ஆபத்தான வேலை என்றால் 18 ஆகியிருக்க வேண்டும்.

இதற்கு மேல் ஒவ்வொரு நாட்டுக்கும் தனிச் சட்டம் இருக்கிறது. இந்தியாவில் 14 வயது நிறைந்து 18 ஆகாதவர்களை இரவு 7 மணியிலிருந்து காலை 8 மணி வரை வேலை வாங்கக் கூடாது. இங்கிலாந்தில் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குக் காலை 7 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் வேலை கிடையாது, பள்ளி நடக்கும் வாரத்தில் மொத்தமே 12 மணி நேரம்தான். அமெரிக்க மத்தியச் சட்டப்படி 14, 15 வயதுக்காரர்கள் பள்ளி நாளில் 3 மணி நேரமும் பள்ளி வாரத்தில் 18 மணி நேரமும் வேலை செய்யலாம். கோடை விடுமுறைக் காலம் தவிர அங்கேயும் இரவு 7 மணியோடு நிறுத்த வேண்டும். சில ஊர்களில் உள்ளாட்சி அலுவலகமோ பள்ளியோ தரும் அனுமதிச் சீட்டும் வேண்டும். வேலை கிடைத்த பிறகு அதற்கு அலைந்தால், சீட்டு வருவதற்குள் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடுவார்.

"எந்த நேரமும் வருவேன்" என்று எழுதிக்கொடுப்பது

இத்தனை வருடம் ஆகியும் எனக்கு எரிச்சல் குறையாத தவறு இது.

விண்ணப்பத்தில் ஒரு கட்டம் போட்ட பகுதி இருக்கும். ஏழு நாள், நாளுக்குக் காலை, மதியம், மாலை என்று மூன்று கட்டம், மொத்தம் 21. எப்போதெல்லாம் வர முடியும் என்று அதில் டிக் போட வேண்டும். ஒருமுறை பதினாறு வயதுப் பெண் ஒருத்தி அப்பாவோடு வந்தாள். நல்ல பெண், கேட்டதற்கு நிதானமாகப் பதில் சொன்னாள். படிவத்தைத் திருப்பிப் பார்த்தால் 21 கட்டத்திலும் டிக். "செவ்வாய்க்கிழமை காலையில பள்ளிக்கூடம் இல்லையாம்மா?" என்று கேட்டேன். அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் சொன்னார்: "முதல்ல உள்ள போகட்டும் சார், அப்புறம் பார்த்துக்கலாம்."

அந்த "அப்புறம் பார்த்துக்கலாம்" எத்தனை பிள்ளைகளின் முதல் வேலையைக் கெடுத்திருக்கிறது என்று அந்த அப்பாவுக்குத் தெரியாது. எப்படிக் கெடுக்கிறது என்று சொல்கிறேன்.

ஷிப்ட் அட்டவணை போடுகிறவர் முதலில் நிரப்புவது, யாரும் வர விரும்பாத நேரங்களைத்தான். வெள்ளிக்கிழமை மாலை, சனிக்கிழமை முழுவதும், கடை மூடும் ஷிப்ட். பழைய ஆட்கள் முடியாது என்று சொல்லிவிட்டிருப்பார்கள். புதிதாக வந்தவள் எந்த நேரமும் வருவேன் என்று எழுதியிருக்கிறாள், சரி, அவளைப் போடு. முதல் வாரம் பிள்ளை உற்சாகமாகப் போவாள். அடுத்த வாரம் புதன்கிழமை டியூஷன் இடிக்கும். அதற்கடுத்த வாரம் தேர்வு அட்டவணை வந்துவிடும். ஷிப்ட் தொடங்க இரண்டு மணி நேரம் இருக்கும்போது "வயிறு சரியில்லை" என்று போன் வரும். அந்த இடத்தில் நிற்க, அன்றைக்கு விடுமுறையில் இருக்கும் இன்னொருவரைக் கெஞ்சிக் கூப்பிட வேண்டும். ஒருமுறை என்றால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இரண்டாவது முறை, கூட வேலை செய்கிறவர்களின் முகம் மாறிவிடும்.

அதன் பிறகு அந்தப் பிள்ளையை யாரும் கூப்பிட்டு வேலையை விட்டு எடுக்க மாட்டார்கள். வாரம் நான்கு ஷிப்ட் இருந்தது இரண்டாகும், பிறகு ஒன்றாகும். ஒரு வாரம் அட்டவணையில் பெயரே இருக்காது. வேலை இருக்கிறதா போய்விட்டதா என்றே தெரியாமல் பிள்ளை போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அடுத்த இடத்தில் "இதுக்கு முன்னாடி எங்க வேலை பார்த்தே, யார்கிட்ட விசாரிக்கலாம்?" என்று கேட்டால் சொல்ல ஒரு பெயர் இருக்காது. கடைசியில் தனக்கு வேலை பார்க்கும் தகுதியே இல்லை என்று அவள் நினைக்க ஆரம்பித்துவிடுவாள். இதைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை. அந்தப் பெண்ணிடம் எந்தக் குறையும் இல்லை. வர முடியாத நேரத்துக்கு டிக் போட வைத்தது பெரியவர்கள்.

எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டவரைத்தானே முதலில் கூப்பிடுவார்கள் என்று நீங்கள் கேட்கலாம். சில இடங்களில் அப்படித்தான். ஆனால் அட்டவணை போட்டுப் பழகிய எந்த மேனேஜருக்கும் 21 டிக் தேவையில்லை, டிக் போட்ட நேரத்தில் ஆள் கட்டாயம் வருவாரா என்பதுதான் தேவை. ஒரு பையன் ஐந்தே ஐந்து கட்டத்தில் டிக் போட்டு, அடியில் தேர்வு நடக்கும் இரண்டு வாரங்களின் தேதியையும் எழுதிக் கொடுத்தான். உடனே எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு சனிக்கிழமை மதியத்துக்கு ஆள் தேடும் கவலையே எனக்கு இல்லாமல் போனது.

விண்ணப்பத்தை எடுப்பதற்கு முன்னால் ஒரு வெள்ளைத் தாளில் பிள்ளையின் வாரத்தை எழுதச் சொல்லுங்கள். பள்ளி நேரம், டியூஷன், விளையாட்டுப் பயிற்சி, வீட்டுப்பாடம், தூக்கம், போக வர ஆகும் நேரம், எல்லாவற்றையும். பயண நேரத்தை எழுத நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். பிள்ளையின் வயதுக்கு உங்கள் நாட்டுச் சட்டம் அனுமதிக்கிற இடத்தில், மூடும் ஷிப்ட் விஷயத்திலும் ஏமாறுகிறார்கள். கடை எட்டு மணிக்கு மூடுகிறது என்றால் எட்டு மணிக்கு வெளியே வந்துவிட முடியாது. கல்லாக் கணக்கு எடுத்து, தரை துடைத்து, குப்பை கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வர எட்டரை ஆகும். அந்த நேரத்துக்குக் கடைசிப் பஸ் இருக்கிறதா, இல்லையென்றால் யார் போய் அழைத்து வருவது என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதிவிட வேண்டும்.

மிச்சமிருக்கும் நேரம் தெரிந்ததும் அதில் பாதியை மட்டும் வேலைக்குக் கொடுங்கள். இரண்டு மாதம் பழகிய பிறகு கூட்டிக்கொள்ளலாம். அதிகமாகச் சொல்லிவிட்டுப் பிறகு குறைப்பதைவிட இது எல்லோருக்கும் நல்லது. படிவத்தில் கட்டம் இருந்தாலும் பக்கத்தில் மணியையும் எழுதட்டும்: "செவ்வாய், வியாழன் மாலை 4.30 முதல் 6.30 வரை. சனி காலை 10 முதல் மாலை 5 வரை." தேர்வு வாரங்கள் தெரிந்தால் அதையும் எழுதட்டும்.

இன்டர்வியூவில் "ஞாயிற்றுக்கிழமையும் வர முடியாதா?" என்று ஒரு தூண்டில் வரும். அந்த இடத்திலேயே "வர்றேன்" என்று சொல்லிவிடாமல், "வீட்டுல பேசிட்டு நாளைக்குக் காலையில சொல்றேங்க" என்று சொல்லப் பிள்ளைக்குப் பழக்கிக் கொடுங்கள். மறுநாள் காலையில் சொல்லவும் வேண்டும், முடியாது என்றாலும் சரி.

இன்னொன்று, பெற்றோருக்கு. பிள்ளை ஒத்துக்கொண்ட ஷிப்ட் உங்களையும் கட்டும். வீட்டில் விருந்தாளி வருகிறார்கள், சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்று கடைசி நேரத்தில் "இன்னிக்கு ஒரு நாள் போகாதே" என்று நீங்களே சொன்னால், இவ்வளவு தூரம் எழுதிக் கணக்குப் போட்டதெல்லாம் வீண்.

பிள்ளைக்குப் பதில் நீங்கள் பேசுவது

கடைக்குப் போன் செய்து "என் பையனுக்கு வேலை இருக்கா?" என்று அம்மா கேட்டால், அந்தப் பக்கம் இருப்பவர் பையனைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடுவார். அவன் வாயைத் திறக்கும் முன்பே அது நடந்துவிடும். படிவத்தை உங்கள் கையெழுத்தில் நிரப்புவதும், இன்டர்வியூ நடக்கும் மேசைக்குப் பக்கத்தில் போய் நிற்பதும் இதே கதைதான். வண்டியில் கொண்டுபோய் விடுங்கள், வெளியே இருங்கள்.

வீட்டில் ஒத்திகை பாருங்கள். நீங்கள் மேனேஜராக உட்காருங்கள், பிள்ளை கதவைத் திறந்து வந்து பெயர், வயது, என்ன வேலைக்கு வந்திருக்கிறேன், எந்த நாட்களில் வர முடியும் என்ற நாலையும் ஒரே மூச்சில் சொல்லட்டும். முதல் தடவை குரல் உள்ளே போகும். நாலைந்து தடவை சொன்னால் சரியாகிவிடும்.

சம்பளம் தராமல் இழுத்தடித்தாலோ, யாராவது தகாத முறையில் நடந்துகொண்டாலோ, ஆபத்தான வேலை கொடுத்தாலோ இதெல்லாம் பொருந்தாது. அப்போது நீங்கள்தான் போய்ப் பேச வேண்டும், அன்றைக்கே.

தெரியாத எண்ணை எடுக்காமல் விடுவது

இந்த வயதுப் பிள்ளைகள் தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பை எடுப்பதே இல்லை. மேனேஜர் ஒரு தடவை கூப்பிடுவார், அதிகம் போனால் இரண்டு தடவை. பிறகு அடுத்த விண்ணப்பத்துக்குப் போய்விடுவார். விண்ணப்பம் கொடுத்த இரண்டு வாரத்துக்கு எல்லா அழைப்பையும் எடுக்கச் சொல்லுங்கள். பள்ளி நேரத்தில் வந்து தவறிப்போனால் அன்று மாலையே திருப்பிக் கூப்பிட வேண்டும்.

கூட்ட நேரத்தில் போய் விண்ணப்பம் கொடுப்பது

ஹோட்டலுக்கு மதியச் சாப்பாட்டு வேளையில் போகாதீர்கள். மூன்று மணிக்கு மேல் போங்கள்.

ரெஸ்யூமேயை ஊதிப் பெரிதாக்குவது

பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அனுபவம் இருக்காது என்று எல்லோருக்கும் தெரியும். "தலைமைப் பண்பு மிக்கவர்", "கடின உழைப்பாளி" என்று யாரோ எழுதிய வாக்கியங்களை இரண்டு பக்கத்துக்கு இறக்கினால் யாரும் படிப்பதில்லை. ஒரு பக்கம் போதும். உண்மையில் செய்ததை எழுதட்டும்: பள்ளி விழாவில் நுழைவுச்சீட்டு விற்றுக் கணக்கு ஒப்படைத்தது, பள்ளி விட்டதும் தம்பியை அழைத்து வந்து பார்த்துக்கொள்வது, நூலகத்தில் புத்தகம் அடுக்கியது. கணக்கு ஒப்படைத்தேன் என்ற ஒரு வரி, கல்லாவில் நிற்க ஆள் தேடுகிறவருக்குப் போதும். விளையாட்டாக வைத்த மின்னஞ்சல் முகவரியை மாற்றிவிட்டு, பெயரில் புதிதாக ஒன்று தொடங்கச் சொல்லுங்கள்.

தெரிந்தவர் கடைதானே என்று பேசாமல் விடுவது

தெரிந்தவர் மூலம் போவதில் தவறில்லை, முதல் வேலை பலருக்கு அப்படித்தான் கிடைக்கிறது. ஆனால் அங்கேதான் மணிக்கு எவ்வளவு, எத்தனை மணி நேரம், என்றைக்குச் சம்பளம் என்று எதையுமே பேசாமல் அனுப்புகிறோம். "நம்ம பிள்ளைதானே, பார்த்துக் கொடுப்பார்" என்று விடுவோம். மாதக் கடைசியில் அவர் கொடுப்பது நாம் நினைத்ததாக இருக்காது. கேட்கவும் வாய் வராது. பிள்ளைக்கும் கஷ்டம், உறவிலும் கசப்பு. முதல் நாளே பேசி, ஒரு குறுஞ்செய்தியில் "நேற்று பேசினபடி" என்று எழுதி அனுப்பிவிடுங்கள். "பழகட்டும்" என்ற பெயரில் வாரக்கணக்கில் சம்பளமில்லாமல் வேலை வாங்குவதையும் அந்தப் பேச்சிலேயே தடுத்துவிடலாம்.

பணம் கட்டச் சொல்லும் வேலை

வேலை இல்லை அது, மோசடி. பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், சீருடை டெபாசிட், எந்தப் பெயரில் கேட்டாலும் கட்டாதீர்கள்.

இதைவிட மோசமான ஒன்றும் இருக்கிறது. "உன் வங்கிக் கணக்குக்குப் பணம் வரும், கமிஷன் எடுத்துக்கொண்டு மிச்சத்தை நான் சொல்கிற கணக்குக்கு அனுப்பு" என்பார்கள். திருட்டுப் பணத்தைக் கைமாற்ற இப்படி இளம் வயதினரைத்தான் தேடுகிறார்கள். மாட்டினால் கணக்கு முடங்கும், வழக்கும் பிள்ளையின் பெயரில்தான் வரும். வேலை தேட ஆரம்பிக்கும் முன்பே இதைச் சொல்லி வையுங்கள்.

எந்த மெஷினைத் தொடக் கூடாது என்று கேட்காமல் இருப்பது

அமெரிக்காவில் இறைச்சி சீவும் மின் இயந்திரத்தை 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் இயக்கக் கூடாது, கழற்றிக் கழுவவும் கூடாது. கழுவுவதைத் தடுத்ததற்குக் காரணம் இருக்கிறது, நிறுத்தி வைத்திருந்தாலும் கத்தி கத்திதான். ஆனால் கழுவும் வேலையைத்தான் புதுப் பிள்ளையிடம் தள்ளுவார்கள். எந்த நாடாக இருந்தாலும் முதல் நாளே "நான் எதையெல்லாம் தொடக் கூடாது?" என்று பிள்ளை கேட்கட்டும். கொதிக்கும் எண்ணெய், உயரமான ஏணி, அட்டைப்பெட்டி நசுக்கும் இயந்திரம் ஆகியவற்றைப் பெயர் சொல்லியே கேட்கட்டும்.

முதல் சம்பளத்தை வாங்கி வைத்துக்கொள்வது

வேண்டாம். அது பிள்ளையின் பணம்.

சொல்லாமல் நின்றுவிடுவது

பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடலாம், ஒன்றும் தப்பில்லை. ஆனால் மறுநாளிலிருந்து போகாமல் இருந்துவிடக் கூடாது. இரண்டு வாரம் முன்னால் நேரில் சொல்லி, கடைசி ஷிப்டையும் முடித்து, சீருடையையும் சாவியையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வரட்டும். வரும்போது மேனேஜரிடம் ஒன்று கேட்டு வரச் சொல்லுங்கள்: "அடுத்த இடத்துல உங்க பேரைச் சொல்லலாங்களா?" ஒழுங்காக வந்து போன பிள்ளைக்குச் சரி என்றுதான் சொல்வார்கள். அந்த எண்ணை அன்றைக்கே குறித்து வைத்துக்கொள்ளட்டும்.