இங்க் கார்ட்ரிட்ஜ் ஆன்லைனில் வாங்கும்முன்: ஒரிஜினலும் வேண்டும், விலையும் கட்டுப்படியாக வேண்டும்

மகளின் ஸ்கூல் ப்ராஜெக்டுக்கு முந்தின ராத்திரி. பாதி விலைக்கு வாங்கியிருந்த கறுப்பு கார்ட்ரிட்ஜ், பத்தாவது பக்கத்திலேயே கோடு கோடாக அடித்தது. கழற்றி டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் செம்புத் தகடெல்லாம் கீறல். யாரோ போட்டுத் தீர்த்ததில் மை நிரப்பிப் புதுப் பெட்டியில் அனுப்பியிருக்கிறார்கள். அதிலிருந்து நான் வாங்கும் முறை இது.

1. எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்
பிரிண்டரைத் திறந்து, உள்ளே இருக்கும் கார்ட்ரிட்ஜின் லேபிளைப் போட்டோ எடுங்கள். மாடலை நம்பித் தேடினால் தவறும். ஹெச்பி டெஸ்க்ஜெட் 2331-ம் 2335-ம் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் முன்னதற்கு 805 எண் கார்ட்ரிட்ஜ், பின்னதற்கு 682.

2. விலையைப் பக்கத்தால் வகுங்கள்
காசு மிச்சமாவதும் கரைவதும் இங்கேதான். 682 கறுப்பு சுமார் 480 பக்கம் தரும். 805 கறுப்பு சுமார் 120 தான். ஒரு பேச்சுக்கு 960 ரூபாய்க்கு 480 பக்கம் என்றால் பக்கத்துக்கு 2 ரூபாய். 720 ரூபாய்க்கு 120 பக்கம் என்றால் 6 ரூபாய்! கேனானில் 745எஸ் சிறியது, 745எக்ஸ்எல் பெரியது. விலை குறைவு என்று எஸ்-ஐ எடுக்கும்முன் வகுத்துப் பாருங்கள். தினமும் பிரிண்ட் எடுப்பவர்கள் அடுத்த முறை, பாட்டில் மையை ஊற்றிக்கொள்ளும் டேங்க் பிரிண்டருக்கு மாறிவிடுவதே நல்லது: எப்சன் 003 கறுப்பு பாட்டில் 65 மி.லி., சுமார் 4,500 பக்கம் வரும்.

3. விற்பவர் யார் என்று பாருங்கள்
அமேசான், பிளிப்கார்ட் என்று தளத்தை மட்டும் பார்த்தால் போதாது. அதற்குள் விற்பவர் பெயரைத் தொட்டு, அவருக்கு வந்திருக்கும் ஒரு ஸ்டார் ரிவ்யூக்களைப் படியுங்கள். ‘கம்பாட்டிபிள்’, ‘ரீஃபில்’ என்றிருந்தால் ஒரிஜினல் அல்ல. ‘செட்டப்’ என்றிருப்பது புதுப் பிரிண்டரோடு வந்ததைப் பிரித்து விற்பது. சில பிரிண்டர்கள் அதை ஏற்காது.

4. பிரிக்கும்போது வீடியோ எடுங்கள்
பெட்டியில் எம்ஆர்பி, மாதம்-வருடம், இறக்குமதியாளர் முகவரி, கஸ்டமர் கேர் எண் இருக்க வேண்டும். க்யூஆர் உள்ள செக்யூரிட்டி லேபிள் இருந்தால் போனில் ஸ்கேன் செய்யுங்கள். உள்ளே மை வரும் வாய்மேல் டேப் ஒட்டியிருக்கும். செம்புத் தகடு கீறலில்லாமல் பளபளக்கும். இதில் ஒன்று இடித்தாலும் பிரிண்டரில் போடாமல் அன்றே ரிட்டர்ன் போடுங்கள். மறுத்தால் பில்லோடு 1915-க்கு அழையுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண் அது.

தீர்ந்துபோன கார்ட்ரிட்ஜின் லேபிளையும் பெட்டியையும் கிழித்துவிட்டுத்தான் குப்பையில் போடுங்கள். போலி கட்டுபவர்கள் தேடுவதே முழுசாக இருக்கும் காலிப் பெட்டிகளைத்தான்.