காரை ஓடைகளில் பாறை அடுக்குகளைப் படிப்பது எப்படி

பெரம்பலூர் மாவட்டம் காரையில் மழை அரித்த களிமண் மேடுகளில், கணவாயின் அழிந்துபோன உறவுகளான அம்மோனைட், பெலம்னைட் ஆகியவற்றின் ஓடுகள் கிடைக்கின்றன. இரண்டுமே கடலில் மட்டும் வாழ்ந்தவை. இன்றைய கரையோ கிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்ததை நமக்குச் சொல்வது, மண்ணும் மணலும் அடுக்கடுக்காகப் படிந்து உண்டான படிவுப்பாறைதான். உருகிய குழம்பு இறுகி உண்டான கருங்கல்லில் இந்த ஓடுகள் தங்கியிருக்க முடியாது.

10 மடங்கு லென்ஸ், சுத்தியல், அளவு நாடா, திசைகாட்டி, அடுக்கின் சாய்வுக் கோணத்தை அளக்கும் சாய்வுமானி, 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம், கண்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, நோட்டு போதும். அமிலத்தை நீர்க்கும்போது தண்ணீரில்தான் அமிலத்தைச் சேர்க்க வேண்டும், தலைகீழாகச் செய்தால் தெறிக்கும்.

ஓடையின் வெட்டுமுகம் ஒன்றைத் தேர்ந்து, மேலுள்ள தளர்ந்த மண்ணை 20 சென்டிமீட்டர் வரை சுரண்டி எடுங்கள். வெயிலும் மழையும் பட்ட மேற்பரப்பின் நிறம் ஏமாற்றும். பிறகு கீழிருந்து மேலாக எழுதுங்கள். அடுக்குகள் புரண்டிருக்காத இடத்தில் அடியிலிருப்பதே மூத்தது. ஒவ்வொரு அடுக்குக்கும் தடிமன், நிறம், துகள் அளவு, புதைந்த உயிர்களின் எச்சங்கள் என நான்கையும் குறியுங்கள். 2 மில்லிமீட்டருக்கு மேற்பட்டது சரளை. அதற்குக் கீழே 0.063 வரை மணல். அதற்கும் நுண்ணியதில் ஒரு துளியை முன்பல்லில் தேய்த்துப் பாருங்கள்: நறநறத்தால் வண்டல், வழுக்கினால் களி. களி படிய அமைதியான நீர் வேண்டும். சரளையை உருட்டி வர வேகமான ஓட்டம் வேண்டும்.

தடிமன் அளப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். அடுக்குகள் 10 பாகை சாய்ந்திருந்தால், சமதரையில் சாய்வுத் திசையிலேயே 100 மீட்டர் நடந்தாலும் நீங்கள் கடக்கும் தடிமன் சுமார் 17 மீட்டர்தான். நடந்த தூரத்தைச் சாய்வுக் கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்குங்கள்.

அமிலம் விட்டதும் நுரைத்தால் சுண்ணாம்பு உண்டு. ஆனால் புது உடைப்பில் விடுங்கள். பரப்பில் பின்னால் படிந்த சுண்ணாம்புப் பூச்சும் நுரைக்கும். காரையில் மின்னும் ஜிப்சம் நுரைக்காது, நகத்தால் கீறினால் கோடு விழும். கடல்நீர் வற்றும்போதும் ஜிப்சம் படியும் என்பதால், அதைப் பார்த்ததும் ‘கடல் வற்றியிருக்கிறது’ என்று எழுதிவிடாதீர்கள். ஜிப்சம் அடுக்குகளை வெட்டிக்கொண்டு விரிசல்களில் ஓடினால், அது களி படிந்த பிறகு வந்தது.

தரையில் உதிர்ந்து கிடக்கும் ஓடு அழகானதுதான், ஆனால் எந்த அடுக்கிலிருந்து உருண்டது என்று அதனிடம் கேட்க முடியாது. வயதைச் சொல்ல, அடுக்கிலேயே பதிந்திருப்பதை மட்டும் நம்புங்கள். அதிலும் எச்சரிக்கை தேவை: பழைய அடுக்கு அரிபட்டு, அதன் ஓடு புதிய அடுக்கில் மறுபடி புதைந்திருக்கலாம். விளிம்பு மழுங்கி, உள்ளே நிரம்பிய மண் சுற்றியுள்ள மண்ணோடு ஒத்துப்போகாமல் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

எடுப்பதற்கு முன் அளவுகோலோடு படம் எடுத்து, அடுக்கு எண்ணையும் இடத்தையும் எழுதுங்கள். அருகிலுள்ள சாத்தனூர் கல்மரம் பாதுகாக்கப்பட்டது, அங்கே சுத்தியலே வேண்டாம்.