மார்கழியில் இலையை உருவினால் வைகாசியில் ஆப்பிள்

ஆப்பிளைத் தின்றுவிட்டு அதன் விதையைத் தொட்டியில் ஊன்றி வைத்திருக்கிறீர்களா? அந்தத் தொட்டியை இன்றைக்கே தக்காளிக்குக் கொடுத்துவிடுங்கள். விதையிலிருந்து வரும் ஆப்பிள் தாயைப்போல இருக்காது. பூப்பதற்கே ஆறேழு ஆண்டுகள் கேட்கும். அதிலும் காஷ்மீரத்துப் பழத்தின் விதை என்றால், நம் வெயிலில் இலை மட்டும் விட்டுக்கொண்டு காலத்தை ஓட்டிவிடும். நானும் ஊன்றியவன்தான். நான்கு ஆண்டுகள் தண்ணீர் ஊற்றினேன்.

இப்போது பல்லடத்துக்கு அருகில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் மூன்று குட்டை ஆப்பிள் மரங்கள் நிற்கின்றன. போன வைகாசியில் மூன்றும் சேர்ந்து 31 பழங்கள் கொடுத்தன. கடைப் பழத்தைவிடச் சிறியவை. சிவப்பும் குறைவு, ஏனென்றால் ஆப்பிளின் தோல் நன்றாகச் சிவக்க இரவுக் குளிர் வேண்டும். ஆனால் பறித்த கையோடு கடித்தால் மொறுமொறு என்று இருக்கும். இந்த அளவு போதும் என்பவர்கள் மேலே படியுங்கள். கொங்குச் சமவெளியில் ஆப்பிள் போட்டு லட்சக்கணக்கில் எடுக்கலாம் என்று உங்களிடம் சொல்பவர் பெரும்பாலும் கன்று விற்பவராகத்தான் இருப்பார்.

அரைத் தூக்கத்தில் இருக்கும் மரம்

கன்று வாங்கும் முன் ஒரு சங்கதியைப் புரிந்துகொள்ள வேண்டும். ஆப்பிள் குளிர்நாட்டு மரம். குளிர் வந்ததும் இலையை உதிர்த்துத் தூங்கும். 7 டிகிரிக்குக் கீழே குறிப்பிட்ட மணி நேரம் தூங்கி முடித்தால்தான் மொட்டு விழிக்கும். மலைப்பகுதியில் விளையும் வழக்கமான ரகங்களுக்கு இது ஏறக்குறைய 1000 மணி நேரம். நமக்கோ மார்கழி இரவில் 17 டிகிரி வந்தாலே போர்வை தேடுகிறோம். ஆகவே நம் ஊரில் ஆப்பிள் இலையை முழுதாக உதிர்ப்பதும் இல்லை, நன்றாக விழிப்பதும் இல்லை. பழைய இலையைச் சுமந்துகொண்டு அரைத் தூக்கத்தில் நிற்கும்.

இதற்கு வழி நமக்குப் புதிதல்ல. தொண்டாமுத்தூர்ப் பக்கம் பன்னீர் திராட்சை போட்டவர்களைக் கேளுங்கள். திராட்சையும் குளிர்நாட்டில் இலை உதிர்த்துத் தூங்கும் கொடிதான். இங்கே அது தானாகத் தூங்காது என்பதால், கவாத்துச் செய்து வெறுங்கொடியாக்கித் துளிர்க்க வைக்கிறார்கள். மல்லிகையையும் மார்கழிக்கு முன்பின்னாக வெட்டிவிடுகிறோம் அல்லவா? இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில், மாலாங் நகரை ஒட்டிய மலைச்சரிவுகளில் ஆப்பிளுக்கும் இதையேதான் செய்கிறார்கள். அறுவடை முடிந்து சில வாரங்களில் மரத்தின் இலை முழுவதையும் கையால் உருவிவிடுவார்கள். மொட்டு ஆழ்ந்த உறக்கத்துக்குள் போவதற்கு முன்பே தட்டி எழுப்பிவிடும் வேலை இது. அவர்களுக்கு ஆயிரம் மீட்டர் உயரத்தின் குளிர்ச்சி துணைக்கு உண்டு. நாம் இருப்பதோ முந்நூறு, நானூறு மீட்டரில். அதனால்தான் ரகத் தேர்வில் நமக்குச் சலுகையே கிடையாது.

முதல் வேலை: கன்று

குறைந்த குளிரில் பூக்கும் ரகங்கள் மூன்று நம் பக்கம் கிடைக்கின்றன. அன்னா, இஸ்ரேலில் உருவானது. டார்செட் கோல்டன், பகாமாஸ் தீவுகளில் கண்டெடுத்தது, மஞ்சள் பழம். மூன்றாவது ஹரிமன் 99. இமாசலப் பிரதேசத்தில் வெப்பம் மிகுந்த பிலாஸ்பூர் மாவட்டத்து விவசாயி ஹரிமன் சர்மா தந்த ரகம் இது. அவருக்கு 2025-இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். ஒரே மரம்தான் வைக்க இடம் என்றால் ஹரிமன் வையுங்கள். இரண்டு வைக்க முடிந்தால் அன்னாவையும் டார்செட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அன்னா தனியாக நின்றால் காய் குறையும். டார்செட்டின் மகரந்தம் கிடைத்தால் நன்றாகப் பிடிக்கும்.

இனி, 'குட்டை' என்ற சொல். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். குட்டை என்பது பழ ரகத்தின் குணம் அல்ல, ரகத்தின் குச்சியை மேலே ஒட்டுவதற்காக அடியில் வைக்கும் வேர்ச்செடியின் குணம். எந்த ரகத்தையும் எந்த வேரின் மீதும் ஒட்டலாம். மரம் எவ்வளவு உயரும் என்பதை வேர் தீர்மானிக்கும். இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் உள்ள ஈஸ்ட் மாலிங் ஆய்வு நிலையத்தின் பெயரால் இந்த வேர்களுக்கு எண் போட்டிருக்கிறார்கள். எம்27 என்றால் ஆள் உயரம். எம்9 என்றால் 8 முதல் 10 அடி. எம்எம்106 என்றால் தரையில் 12 அடியைத் தாண்டும், தொட்டியில் அடங்கி நிற்கும்.

புத்தகங்கள் தொட்டிக்கு எம்9 என்று சொல்லும். என் அனுபவத்தில், புதிதாகத் தொடங்குபவர் எம்எம்106 வாங்குவது நல்லது. எம்9-இன் வேர் மேலோட்டமானது, முறியக்கூடியது. சித்திரை வெயிலில் ஒரு நாள் தண்ணீர் விடுபட்டால் முகத்தைத் தொங்கப்போட்டுவிடும். எம்எம்106 கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். மீதிக் குட்டையைத் தொட்டியே பார்த்துக்கொள்ளும். விதைநாற்றின் வேரில் ஒட்டிய கன்றுகளும் சந்தையில் உண்டு. அவற்றைத் தோட்டத்தில் வையுங்கள், மாடிக்கு வேண்டாம்.

வாங்கும்போது ஒட்டுக் கட்டிய முடிச்சைத் தொட்டுப் பாருங்கள். அதற்கு மேலே துளிர் இருக்க வேண்டும். நான் வாங்கிய முதல் ஒட்டுக் கன்றில் மேல்பகுதி பட்டுப்போய், முடிச்சுக்குக் கீழே வேர்ச்செடிதான் தழைத்திருந்தது. பச்சையைப் பார்த்து மயங்கிவிட்டேன். அதற்கும் முன்னால் வாரச்சந்தையில் 'ஆப்பிள் செடி' என்று வாங்கி வந்த ஒன்று மூன்றாம் மாதம் முள் விட்டது. ஆப்பிள் இலந்தை. அம்மாயி இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

தொட்டியும் மண்ணும்

200 லிட்டர் நீல பிளாஸ்டிக் பேரலைக் குறுக்கே அறுத்தால் இரண்டு தொட்டி. இதைவிட மலிவாக, பல ஆண்டு தாங்குவதாக ஒன்றும் கிடைக்காது. 60 லிட்டருக்குக் குறைந்த தொட்டியில் மரம் பிழைக்கும், ஆனால் காய்க்கத் திணறும். அடியில் விரல் நுழையும் அளவுக்கு எட்டுத் துளை போட்டு, மூன்று செங்கல் மீது தூக்கி வையுங்கள். ஈர மண்ணோடு ஒரு தொட்டி 130 கிலோவுக்கு வரலாம். அதனால் மாடியின் நடுவில் வைக்காமல், கீழே சுவரோ தூணோ இருக்கும் இடம் பார்த்து வையுங்கள்.

மண் கலவை: செம்மண் இரண்டு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, அரைக் கிலோ வேப்பம்புண்ணாக்கு. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வரும் நார்க்கழிவில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகே கலக்க வேண்டும். கரிசல் மண் மட்டும் உள்ளவர்கள் மணலைக் கூட்டிக்கொள்ளுங்கள். தண்ணீர் தேங்கினால் ஆப்பிள் வேர் அழுகும்.

நடவு

நடுவதற்கு மார்கழியும் தையும் ஏற்றவை. இமாசலத்திலிருந்து மண் இல்லாத வெறும் வேரோடு கன்றுகள் வருவதும் அப்போதுதான். அப்படி வந்தால் நான்கைந்து மணி நேரம் வேரைத் தண்ணீரில் ஊறவைத்து, முறிந்த நுனிகளை வெட்டிவிட்டு நடுங்கள்.

இதில் ஒரே ஒரு விதியை மட்டும் மறக்கக் கூடாது. ஒட்டு முடிச்சு மண்ணுக்கு மேலே நான்கு விரற்கடையாவது நிற்க வேண்டும். முடிச்சு மண்ணுக்குள் போனால் மேலே உள்ள ரகம் தானே வேர் விட்டுக்கொள்ளும். அப்புறம் குட்டை வேருக்குக் கொடுத்த காசு வீண், மரம் முழு உயரத்துக்குக் கிளம்பிவிடும். தொட்டியில் மண் இறங்க இறங்க மேலே மண் கொட்டுவது நம் வழக்கம். அப்போதும் இந்த முடிச்சைப் பார்த்துக் கொட்டுங்கள்.

நட்டதும் இரண்டரை அடி உயரத்தில் தண்டை வெட்டிவிடுங்கள். மனம் வராது, ஆனாலும் வெட்ட வேண்டும். அதற்குக் கீழே நான்கைந்து துளிர் வரும். அவையே நாளைய வாதுகள், அதாவது கிளைகள். பக்கத்தில் உறுதியான மூங்கில் ஊன்றித் தளர்வாகக் கட்டுங்கள். மேல்பரப்பில் காய்ந்த சருகை மூன்று விரல் கனத்துக்கு மூடாக்காகப் போடுங்கள். தண்டைத் தொடாமல் தள்ளிப் போட வேண்டும்.

வெயில், காற்று, உப்புத் தண்ணீர்

பங்குனி, சித்திரை இரண்டு மாதமும் மரத்தைவிடத் தொட்டிக்குத்தான் ஆபத்து. மேற்கு வெயிலில் பேரலின் பக்கச்சுவர் கொதித்து உள்ளே வேர் வெந்துவிடும். பேரலைச் சுற்றி நனைத்த கோணிச் சாக்கைக் கட்டுங்கள். மதியத்துக்கு மேல் நிழல்வலை போடுங்கள். தண்டுக்குச் சுண்ணாம்பு அடித்தால் பட்டை வெடிக்காது. காலையில் விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் மட்டும், அடித்துளையில் வடியும் வரை ஊற்றுங்கள்.

ஆனியிலிருந்து ஆடி வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேல்காற்று வருகிறது. அம்மியைப் பறக்கவிடும் காற்றுக்குப் பேரல் எம்மாத்திரம்! என் இரண்டாவது மரம் ஓர் ஆடியில் சாய்ந்து கிளை பிளந்தது. இப்போது மூன்று தொட்டிகளையும் ஒன்றோடொன்று கயிற்றால் பிணைத்து, மாடியின் மேற்குக் கைப்பிடிச் சுவரை ஒட்டி வைக்கிறேன்.

இந்த மாடி ஆப்பிளை மெதுவாகக் கொல்வது ஆழ்குழாய்த் தண்ணீர்தான். சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டார் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம், கொடுத்து வைத்தவர்கள். மற்றவர்கள் இளம் இலையைக் கவனியுங்கள். நரம்பு மட்டும் பச்சையாக நின்று மீதி மஞ்சளானால், உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த தண்ணீரால் இரும்புச் சத்தை வேர் எடுக்க முடியவில்லை என்று பொருள். யூரியா போட்டால் தீராது. லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), ஒரு கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து மாலையில் இலை மீது தெளியுங்கள். பத்து நாள் கழித்து இன்னொரு முறை. ஐப்பசி மழையில் தொட்டிகளை நன்றாக நனையவிடுங்கள். சேர்ந்த உப்பைக் கழுவிக்கொண்டு போகும்.

மார்கழி வேலை

கார்த்திகைக் கடைசியில் தண்ணீரைப் பாதியாகக் குறையுங்கள். உரம் நிறுத்துங்கள். இலை முற்றித் தோல்போலத் தடிக்கும். மார்கழி நடுவில், அதாவது டிசம்பர் கடைசி வாரத்தில், ஒரு காலை நேரம் ஒதுக்கி இலை முழுவதையும் எடுத்துவிடுங்கள். கீழ்நோக்கி இழுத்தால் காம்படியில் இருக்கும் மொட்டும் பட்டையும் சேர்ந்து உரிந்துவிடும். நான் கத்தரியால் இலையை வெட்டி, காம்பை மட்டும் விட்டுவிடுவேன். சில நாளில் காம்பு தானே விழும்.

அன்று அம்மாயி மாடிக்கு வந்து பார்த்துவிட்டு, "நல்ல மரத்தை இப்படி மொட்டையடித்து வைத்திருக்கிறாயே கண்ணு, பழனிக்கு வேண்டுதலா?" என்றார்.

அதே நாளில் குறுக்கே உரசும் குச்சிகளையும், ஒட்டு முடிச்சுக்குக் கீழே வந்த போத்துகளையும் வெட்டுங்கள். நேராக மேலே போகும் வாதுகளைக் கயிறு கட்டிப் பக்கவாட்டில் சாய்த்து இழுங்கள். நேரே நிற்கும் வாதின் நுனி மொட்டு, கீழே உள்ள மொட்டுகளை அடக்கி வைக்கும். சாய்த்துவிட்டால் அந்த அதிகாரம் குறைந்து, வாது நெடுகப் பூமொட்டு விழிக்கும். என் மரங்களில் இலை உருவியதற்கு அடுத்தபடியாகப் பலன் தந்தது இதுதான். பிறகு ஒரு தொட்டிக்கு இரண்டு கிலோ மண்புழு உரம் போட்டு, பழையபடி தண்ணீர் கொடுங்கள். மூன்று நான்கு வாரத்தில் இளஞ்சிவப்பு மொட்டு தெரியும்.

மாடியில் தேனீ வரத்து குறைவு என்றால், மெல்லிய தூரிகையால் ஒரு மரத்துப் பூவைத் தொட்டு அடுத்த மரத்துப் பூவில் தடவுங்கள். காலை ஒன்பது மணிக்கு மேல் செய்வது நல்லது. பூக்கும் நாளில் எந்த மருந்தும் தெளிக்க வேண்டாம்.

ஒரு கொத்தில் ஐந்தாறு பூ வரும். காய் சுண்டைக்காய் அளவு வந்ததும் கொத்துக்கு ஒன்றை வைத்துவிட்டு மற்றவற்றைக் கிள்ளுங்கள். நட்ட முதல் ஆண்டு பூத்தால் எல்லாவற்றையும் கிள்ளிவிடுங்கள். இரண்டாம் ஆண்டு ஐந்தாறு காய் போதும்.

இளந்தளிரில் பஞ்சு ஒட்டியதுபோல அசுவினியோ மாவுப்பூச்சியோ தெரிந்தால், லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு அடித்துத் தெளியுங்கள். எறும்பு ஏறுகிறதா என்றும் பாருங்கள். பூச்சியைக் காவல் காத்துப் பரப்புவது பெரும்பாலும் எறும்புதான்.

வைகாசியில் பழத்தின் பச்சை வெளுத்து மஞ்சள் படரும். ஒன்றைப் பறித்து அறுத்துப் பாருங்கள். விதை பழுப்பாக இருந்தால் மீதியும் தயார். இழுக்காமல், பழத்தை உள்ளங்கையில் ஏந்தி மேலே தூக்கித் திருகுங்கள். காம்புக்குக் கீழே இருக்கும் முண்டு உடைந்தால் அடுத்த ஆண்டுப் பூ போய்விடும்.

ஒரு வலையை மட்டும் இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காய் எலுமிச்சை அளவு வந்த வாரமே மரத்தை மூட வேண்டும். எங்கள் ஊரில் கிளியும் அணிலும்கூடப் பரவாயில்லை. போன ஆண்டு மயில் ஒன்று கைப்பிடிச் சுவரில் வந்து இறங்கி, ஒரு பழத்தையும் முழுதாகத் தின்னாமல் ஒன்பது பழத்தைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போனது.