யாழ்ப்பாணத்தில் சின்னக் குடும்பக் கார் வாங்கப் போகிறீர்களா? அடியைப் பாருங்கள்

கார் பார்த்துவிட்டு வந்தவரிடம் எப்படி என்று கேட்டால் முதலில் மீற்றரில் நிற்கிற கிலோமீற்றரைச் சொல்வார், அடுத்ததாகப் பெயின்றைச் சொல்வார். விற்கிறவர் நினைத்தால் இரண்டையும் ஒரு கிழமைக்குள் மாற்றிவிடலாம். அடிப்பக்கத்தையும், றேடியேற்றருக்குள் ஊற்றின தண்ணீர் செய்த வேலையையும், கடதாசிகளையும் அவ்வளவு லேசில் மறைக்க முடியாது. 2020 மார்ச்சில் நின்ற இறக்குமதி தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது, அதுவரை இருக்கிற கார்களே கைமாறிக் கைமாறி ஓடின. அதனால் நம் காசுக்குக் கிடைக்கிற சுசுகி வேகன் ஆர், ஆல்டோ, ரொயோட்டா விட்ஸ், அக்வா எல்லாம் பெரும்பாலும் நன்றாக உழைத்த வாகனங்கள். உழைத்தது குற்றமில்லை, எங்கே, எப்படி உழைத்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அதற்கு முன்னால் வீட்டில் ஒரு கணக்கு. யார் யார் ஏறப் போகிறீர்கள்? வேகன் ஆர் போன்ற ஜப்பானியச் சின்னக் கார்கள் 3.4 மீற்றர் நீளம், 1.48 மீற்றர் அகலம், 660 சீ.சீ. என்ற சட்ட எல்லைக்குள் செய்யப்பட்டவை, நான்கு பேருக்கானவை. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், கூட அம்மம்மா என்றால் ஐந்து, அந்த ஐந்தாவது ஆளுக்குப் பெல்ட் கிடையாது. ஆனால் கூரை உயரமானதால் முழங்கால் வருத்தம் உள்ளவர் குனியாமல் ஏறி இருக்க அதைவிட நல்ல சின்னக் கார் இல்லை என்பது என் எண்ணம். ஐந்து பேர் என்றால் 996 சீ.சீ. விட்ஸ், கொஞ்சம் கூடச் செலவழிக்கலாம் என்றால் அக்வா. இந்திய ஆல்டோவுக்கும் ஐந்து இருக்கை உண்டு, ஆனால் பின்னால் மூன்று பெரியவர்கள் இருந்து கொழும்புக்கு 400 கிலோமீற்றர் போவது கஷ்டம். அப்புறம் உங்கள் ஒழுங்கையையும் படலையையும் அளவுநாடாவால் அளந்து பாருங்கள். தாளில் போட்டிருக்கிற அகலத்தில் பக்கக் கண்ணாடிகள் சேராது. மதிலுக்கு மதில் நெருங்கி நிற்கிற ஒழுங்கையில், 4.4 மீற்றர் ஆரையில் திரும்புகிற வேகன் ஆர் ஒரே வெட்டில் வளையும், பெரிய கார் முன்னும் பின்னும் போய்வர வேண்டியிருக்கும்.

சரி, இனி அடிப்பக்கம். நமக்கு மூன்று பக்கமும் உப்புக் காற்று. பண்ணைப் பாலம், காரைநகர்ப் பாலம், பருத்தித்துறைக் கரையோரம் என்று தினம் ஓடின கார் உள்ளூர உக்கியிருக்கும், வெளியில் பார்த்தால் பளபளக்கும். ஆகவே கராஜில் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள், தூக்க விடமாட்டேன் என்றால் அந்தக் காரை விட்டுவிடுங்கள். கதவுக்குக் கீழே நீளமாக ஓடுகிற பெட்டித் தகட்டை ஸ்குறூட்றைவர் பிடியால் மெல்லத் தட்டிக்கொண்டு போங்கள்: நல்ல தகடு கணீர் என்று கேட்கும், உக்கினது மந்தமாகக் கேட்கும், சில இடத்தில் பொருக்காக உதிரும். பின் அச்சு, ஸ்பிரிங் குந்துகிற இடம், பிரேக் குழாய்கள், முன்பக்கம் இஞ்சினைத் தாங்கும் சட்டம், இவற்றை விடாமல் பாருங்கள். மேல்துரு பரவாயில்லை, அடுக்கடுக்காக உரிகிற துரு ஆபத்து. முழு அடியும் புதுசாகக் கறுப்பு அடித்து மினுங்கினால் சந்தேகப்படுங்கள், விற்பனைக்கு முதல் கிழமை அடித்த கறுப்புக்குள் என்ன இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

வெள்ளத்தில் நின்ற கார் இன்னொரு வகை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு தெற்கிலும் மலைநாட்டிலும் வந்த வெள்ளத்தில் எத்தனையோ வாகனங்கள் மூழ்கின, அவை கழுவித் துடைத்து எந்த மாவட்டத்துக்கும் வரலாம். சீற் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கோடு இருக்கும். சீற்றுக்குக் கீழே உள்ள ஆணிகள், ஸ்பெயார் டயர் குழி, முன் விளக்குக்குள் நீர்க்கறை, எல்லாம் கதை சொல்லும். இதில் ஹைபிரிட் வேகன் ஆரைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும், அதன் லித்தியம் பற்றரி முன்னால் சாரதிக்குப் பக்கத்தில் இருக்கிறவரின் சீற்றுக்குக் கீழே, தரையோடு இருக்கிறது.

இங்கே கொழும்பு மெக்கானிக் அவ்வளவாகக் கவலைப்படாத ஒன்று றேடியேற்றர். சுண்ணாம்புக்கல் நிலம் என்பதால் நம் கிணற்றுத் தண்ணீர் கடினமானது, கரையோரத்தில் உவர்ப்பும் சேரும். இஞ்சினைக் குளிரவைக்கிற திரவமான கூலன்ற் வாங்கச் சோம்பல்பட்டு வாளியில் அள்ளி ஊற்றியவர்கள் ஊருக்குள் நிறையப் பேர். கேத்திலுக்குள் படிகிற அதே வெள்ளை, றேடியேற்றரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படியும். இஞ்சின் நன்றாக ஆறின பிறகு, காலையில் என்றால் நல்லது, மூடியைத் திறந்து பாருங்கள். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும், அதை மட்டும் செய்யவேண்டாம். உள்ளே நிறக் கூலன்ற் தெளிவாக இருக்க வேண்டும், ரொயோட்டாவுக்குப் பெரும்பாலும் இளஞ்சிவப்பு, சுசுகிக்கு நீலம். வெறும் தண்ணீரோ, பழுப்போ, வாயோரம் வெள்ளைப் பொருக்கோ என்றால் விலையில் குறைக்கச் சொல்லாதீர்கள், வேறு கார் பாருங்கள். இப்படியான கார்கள் பலவற்றில் வெப்பமுள் இல்லை, நீல விளக்கும் சிவப்பு விளக்கும்தான். சிவப்பு எரியும்போது இஞ்சின் ஏற்கெனவே சுட்டுவிட்டது.

ஓடிப் பார்ப்பதற்கு விற்பவர் வீட்டைச் சுற்றி ஒரு வட்டம் போதாது. முதலில் இஞ்சினைத் தொடங்காமல் சாவியை மட்டும் திருப்புங்கள், பட்டன் கார் என்றால் பிரேக்கை மிதிக்காமல் இரண்டு தரம் அழுத்துங்கள். இஞ்சின் விளக்கும் எயார்பாக் விளக்கும் எரிந்து காட்ட வேண்டும், பிறகு அணைய வேண்டும். ஒரு விளக்கு எரியவே இல்லை என்றால் கோளாறு தெரியாமலிருக்க அதை யாரோ செயலிழக்கச் செய்திருக்கலாம், பிள்ளைகள் ஏறும் காரில் அதை மன்னிக்கவே கூடாது. அதன்பின் வீட்டு ஆட்களை ஏற்றி, ஏ.சி. போட்டு, வல்லை வெளிக்குப் போங்கள். அங்கே 60, 70இல் ஓடும்போது குறுக்குக் காற்று உயரமான காரைத் தள்ளுவதும், ஸ்ரியறிங் ஒரு பக்கம் இழுப்பதும், சில்லுப் பேரிங் இரைவதும் நன்றாகத் தெரியும். நம் மாவட்டத்தில் ஏற்றம் இல்லை, அதனால் ஓட்டோ கியரின் களைப்பு இங்கே வருசக்கணக்காக மறைந்திருக்கும், கண்டிக்கோ நுவரெலியாவுக்கோ போகும்போதுதான் வெளிவரும். உயர்த்திக் கட்டின வீட்டு வாசல் சரிவு ஒன்றில் நிறுத்தி மெல்லப் பின்னேற்றிப் பாருங்கள். குலுக்கினாலோ, இரைச்சல் கூடிக் கார் நகராமல் நின்றாலோ வேண்டாம். திரும்பி வந்து மத்தியான வெயிலில் ஏ.சி.யோடு ஒரு இருபது நிமிடம் நிற்கவிட்டு, குளிர் குறைகிறதா என்று பாருங்கள்.

அக்வா ஹைபிரிட் கார், அதில் இன்னொரு வேலை. பெரிய பற்றரி பின் சீற்றுக்குக் கீழே இருக்கிறது, அதைக் குளிரவைக்கிற காற்று சீற்றின் பக்கத்தில் உள்ள துவாரத்தால் போகிறது. செம்மண் தூசி அடைத்தால் பற்றரி வெந்து ஆயுள் போய்விடும். பின்னால் பைகளைக் குவிக்கும்போது அந்தத் துவாரத்தை மறைப்பதும் அதே கெடுதல்தான். ஸ்கானர் வைத்திருக்கிற கராஜில் பற்றரித் தொகுதிகளின் அளவுகளைப் பார்க்கச் சொல்லுங்கள், ஒன்றுக்கொன்று ஏறக்குறையச் சமமாக இருக்க வேண்டும்.

மீற்றரை நம்ப வேண்டாம் என்றேன், ஒத்துப் பார்க்கலாம். பிரேக் பெடல் றப்பர், ஸ்ரியறிங் தோல், சாரதி சீற்றின் ஓரம் மூன்றும் தேய்ந்திருக்க மீற்றர் நாற்பதாயிரம் என்றால் பொய். ஜப்பானில் பாவித்து வந்த கார் என்றால், செஸி இலக்கத்தைக் கொடுத்து அங்கே ஏலத்தில் விற்கும்போது எழுதின அறிக்கையை எடுக்கலாம், அன்றைய ஓட்டமும் இடிபட்ட இடமும் அதில் இருக்கும். டயரின் பக்கத்தில் பொறித்த குறியீட்டின் கடைசி நான்கு இலக்கத்தையும் படியுங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டு 23ஆவது கிழமை செய்தது, பூ இருந்தாலும் வெயிலில் இறுகிப்போன டயர். பொனெட்டையும் மட்காட்டையும் பிடித்திருக்கிற ஆணித் தலைகளில் பெயின்ற் உடைந்திருந்தால் கழற்றியிருக்கிறார்கள், ஏன் என்று கேளுங்கள்.

கடைசியாகக் கடதாசி, இதில் அவசரப்படவே கூடாது. வாகனப் பதிவுச் சான்றான சீ.ஆர். புத்தகத்தில் இருக்கிற செஸி, இஞ்சின் இலக்கங்களை நீங்களே வாகனத்தில் தேடி ஒத்துப் பாருங்கள். அப்சலூட் ஓனர் (முழு உரிமையாளர்) என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் நின்றால் கடன் முடிந்த கடிதம் கையில் வராமல் முழுக்காசு கொடுக்காதீர்கள். ஓப்பன் பேப்பரில், அதாவது பெயர் மாற்றாமல் கையெழுத்து வைத்த கடதாசியோடு மட்டும் வாங்கினால் பதிவுப்படி கார் இன்னும் பழைய ஆளுடையது, அவர் வெளிநாடு போய்விட்டால் கையெழுத்துக்கு அலைய வேண்டியது நீங்கள்தான். அட்வான்ஸ் கொடுத்தால் தொகை, திகதி, மிச்சக் காசு எப்போது, எந்தக் குறை கண்டால் காசு திரும்பும் என்பதை எழுதி இரண்டு பேரும் கையெழுத்து வையுங்கள், பெயர் மாற்றத்துக்கு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு விற்பவரையும் கூட்டிக்கொண்டே போங்கள்.