பரம்பரை வீட்டு இரட்டைக்குழல் ரைபிள்: அடையாளம் காண்பதும் மதிப்பிடுவதும் பேணுவதும்

சிங்கம்பட்டி, ஊத்துமலை, சிவகிரி என்று ஜமீன்கள் விளங்கிய திருநெல்வேலிச் சீமையில், மலையடிவாரத்துப் பழைய வீடுகள் சிலவற்றின் பீரோக்களில் இன்றும் இரட்டைக்குழல் துப்பாக்கி இருக்கிறது. பெரியவர் காலமாகிப் பங்கு பிரிக்கும்போதுதான் பெரும்பாலும் அது வெளியே வரும். வந்தவுடன், "அண்ணாச்சி, இது லண்டன் மேக்காம்லா, கோடிக்குப் போகுமாம்லா" என்ற பேச்சும் கிளம்பிவிடும். அந்தப் பேச்சில் எவ்வளவு மெய், எவ்வளவு ஆசை என்பதைப் பிரித்தறியவும், கையிலிருக்கும் பொருளைக் கெடுக்காமல் வைத்துக்கொள்ளவும் வேண்டிய வழிமுறைகளை இங்கே தருகிறேன்.

விலையைப் பற்றி நினைப்பதற்கு முன் உரிமத்தைப் பார்க்க வேண்டும். உரிமம் பெற்றவர் இறந்த பிறகு, வாரிசு என்ற ஒரே காரணத்தால் துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்கும் உரிமை பிள்ளைகளுக்கு வந்துவிடாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி, வீணான தாமதமின்றி அதை அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு, அதன்பின் வாரிசு தன் பெயருக்கு உரிமம் கோரி விண்ணப்பிப்பதே முறை. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. பரம்பரைச் சொத்து என்பதற்காக அந்த வரம்பு தளர்வதுமில்லை. கீழே சொல்லும் சோதனைகள் எல்லாம் உரிமம் உள்ளவர் முன்னிலையிலோ வியாபாரியின் கடையிலோ செய்ய வேண்டியவை.

முதல் வேலை, அது ரைபிள்தானா என்று பார்ப்பது. மேலே உள்ள நெம்புகோலைத் தள்ளித் துப்பாக்கியை மடக்கி, இரண்டு அறைகளிலும் தோட்டா இல்லை என்பதைக் கண்ணால் பார்த்தும் விரலால் தடவியும் உறுதி செய்துகொண்டு, குழல்களைக் கழற்றி, பின்பக்கத்திலிருந்து வெளிச்சத்தை நோக்கிப் பார்க்க வேண்டும். உட்புறம் வழுவழுப்பாக இருந்தால் அது ரவைத் தோட்டா போடும் சாதாரணத் துப்பாக்கி. நம் பக்கத்து வீடுகளில் இருப்பவற்றில் பெரும்பாலானவை அந்த 12 போர் (போர் என்பது குழல் துளையின் அளவு) வகையே. மரைபோல் சுழன்று செல்லும் வரிப்பள்ளங்கள் நெடுகத் தெரிந்தால் அது ரைபிள். பள்ளங்கள் வாய்ப்பக்கத்தில் கடைசி ஓரிரு அங்குலத்தில் மட்டும் தெரிந்தால், கையிலிருப்பது பாரடாக்ஸ் வகையாக இருக்கலாம். 1885இல் ஃபாஸ்பரி என்ற படை அதிகாரி காப்புரிமை பெற்று, ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம் செய்து விற்ற அந்தத் துப்பாக்கியில், காட்டுக்கோழிக்கு ரவையும் பெருவிலங்குக்கு ஈயக் குண்டும் ஒரே குழலில் போட்டுச் சுட முடிந்ததால், இந்தியாவில் இருந்த வேட்டைக்காரர்கள் அதை விரும்பி வாங்கினார்கள்.

இரட்டைக்குழல் ரைபிளின் விலை ஏன் அப்படி ஏறுகிறது என்று கேட்டால், பலரும் பக்கத் தகட்டில் உள்ள பூவேலைப்பாட்டைக் காட்டுவார்கள். பூவேலைக்கும் காசு உண்டுதான்; ஆனால் மெய்யான செலவு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. இரண்டு குழல்களும் ஒன்றுக்கொன்று இணையாகப் பொருத்தப்பட்டவை அல்ல; பின்பக்கத்தைவிட வாய்ப்பக்கம் சற்றே நெருங்கியிருக்கும். வலக்குழலைச் சுடும்போது துப்பாக்கி மேலும் வலமும் உதைப்பதால், குண்டு குழலை விட்டு வெளியேறுவதற்குள் அதன் போக்கு விலகிவிடுகிறது. அந்த விலகலை முன்கூட்டியே ஈடுகட்டும்படி குழல்களை உள்நோக்கிச் சாய்த்து வைத்தால்தான் இரு குண்டுகளும் குறித்த தூரத்தில் ஒன்றையொன்று ஒட்டி விழும். அந்தத் தூரம் வழக்கமாக 50 முதல் 100 கஜம். இந்தச் சாய்வைக் கணக்கால் மட்டும் முடித்துவிட முடியாது. கைவினைஞர் சுட்டுப் பார்த்து, வாய்ப்பக்கத்து ஈயப்பற்றைச் சூடேற்றி இளக்கி, இடையிலுள்ள சிறு ஆப்பை மயிரிழை நகர்த்தி, ஆறவிட்டு, மறுபடியும் சுட வேண்டும். இரு குழலும் ஒத்துப்போகும்வரை இதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். லண்டனில் முதல்தர ரைபிள் ஒன்றைப் புதிதாகச் செய்யச் சொன்னால் விலை ஒரு லட்சம் பவுண்டைத் தாண்டுவதற்கும், ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருப்பதற்கும் இத்தகைய கைவேலையே பெரிதும் காரணம்.

இந்த ஒத்திசைவு ஒரே ஒரு வகைத் தோட்டாவுக்கு மட்டுமே பொருந்தும் என்பதை வாங்குபவர்கள் மறந்துவிடுகிறார்கள். மருந்தின் அளவு குறைந்து குண்டு மெதுவாகச் சென்றால் உதைப்பு அதைக் கூடுதலாக விலக்கிவிடும், இரு குண்டுகளும் அகன்று விழும். வேகம் கூடினால் ஒன்றையொன்று குறுக்கே கடந்து போகும். ஆகவேதான் குழல்களின் அடிப்புறத் தட்டையில் எத்தனை கிரெய்ன் (சிறு எடையளவு) கார்டைட் என்ற புகையில்லா மருந்து, எத்தனை கிரெய்ன் குண்டு என்று பொறித்து வைத்தார்கள். அதே இடத்தில் லண்டன் அல்லது பர்மிங்ஹாம் சோதனைச் சாலையின் முத்திரைகளும் இருக்கும். நைட்ரோ எனப்படும் புகையில்லா மருந்துக்கான முத்திரை இல்லாத பழைய குழல் கரிமருந்துக்காகச் செய்யப்பட்டது. அதில் இக்காலத் தோட்டாவைப் போட்டுச் சுடுவது உயிருக்கே ஆபத்து.

பொறித்திருக்கும் போர் அளவைக் கொண்டும் காலத்தை ஓரளவு ஊகிக்கலாம். பழைய ராணுவ ரைபிள்களுக்குரிய தோட்டா கலகக்காரர்கள் கைக்குப் போய்விடுமோ என்ற அச்சத்தில், ஆங்கிலேய அரசு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் .450 போரை இந்தியாவில் தடை செய்தது, அதற்கு மாற்றாகவே .470, .500/465 போன்றவை பரவின. .470 என்றால் 500 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 32 கிராம் எடையுள்ள குண்டு. துப்பாக்கியின் எடையோ 5 கிலோவை நெருங்கும்.

குழலின் மேல்பட்டையில் உள்ள பெயரை மட்டும் நம்பக் கூடாது. மான்டன், ரோடா போன்ற கல்கத்தாக் கடைகள் இங்கிலாந்தில் செய்த துப்பாக்கிகளைத் தங்கள் பெயரில் விற்றதுண்டு. பேர்போன பெயரை ஓரிரு எழுத்து மாற்றிப் பொறித்த போலிகளும் உண்டு. ஹாலண்ட், பர்டி, ரிக்பி, வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் ஆகிய நிறுவனங்கள் பழைய பேரேடுகளைப் பாதுகாத்து வைத்திருப்பதால், வரிசை எண்ணை எழுதி அனுப்பி விசாரிக்கலாம். எண் பேரேட்டோடு ஒத்துப்போவதே பெயரைவிடப் பெரிய சான்று.

அடுத்தது நலம் பார்த்தல். முன்கட்டையைக் கழற்றிவிட்டுத் துப்பாக்கியை மூடி, பிடியைப் பற்றி இலேசாக ஆட்டினால் குழலுக்கும் உடற்பகுதிக்கும் இடையே அசைவு இருக்கக் கூடாது. அந்த இடைவெளியில் வெளிச்சம் கசிந்தால் கீல் தேய்ந்துவிட்டது என்று பொருள். பிறகு குழல்களை மட்டும் தனியே எடுத்து, அடியிலுள்ள கொக்கியில் ஒரு விரலைக் கொடுத்துத் தொங்கவிட்டு, மறுகையின் விரல்முட்டியால் தட்டிப் பார்க்க வேண்டும். ஈயப்பற்று நன்றாக இருந்தால் வெண்கல மணிபோல் ஓசை நீண்டு ஒலிக்கும். எங்காவது விட்டிருந்தால் 'டக்'கென்று அடங்கிவிடும். வெறும் அறையோடு விசையை இழுத்து விளையாடுவதை அனுமதிக்கவே கூடாது. நூறாண்டுப் பழைய சுத்தியும் ஊசியும் அதில் முறிந்துபோகும்.

பயன்பாடு என்ற கேள்விக்கு விடை சுருக்கமானது. இந்த ரைபிளின் சிறப்பு, பாய்ந்து வரும் விலங்கின் முன்னால் கையை நகர்த்தாமலே இரண்டாவது வெடியைப் போட முடிவது. பூட்டும் விசையும் இரண்டிரண்டாக இருப்பதால் ஒன்று பழுதானாலும் மற்றொன்று கைகொடுப்பது. அந்தத் தேவையே இப்போது இல்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தாலும் அதன் 1991ஆம் ஆண்டுத் திருத்தத்தாலும் பொழுதுபோக்கு வேட்டை முற்றாக நின்றுவிட்டது. பாபநாசத்துக்கு மேலே இருக்கும் காடு 1988 முதல் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். பன்றி வயலை அழிக்கிறது என்பதற்காக விவசாயி தானே துப்பாக்கியைத் தூக்கவும் முடியாது. நம் நாட்டு ஆயுதத் தொழிற்சாலைகள் வேட்டை ரைபிளுக்கென்று செய்து விற்ற தோட்டா .315 போன்ற போர்களுக்கானதே தவிர .470க்கு அல்ல. ஆகவே இலக்குப் பயிற்சிக்குக்கூட இது உதவாது.

விலைக்கு வருவோம். லண்டன் ஏலத் தொகையை ரூபாயில் பெருக்கிப் பார்ப்பதால் ஒரு பயனும் இல்லை. நூறாண்டைக் கடந்த வரலாற்றுப் பொருள் தொல்பொருளாகக் கருதப்படும். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பச் சட்டம் இடம் தராது. உள்நாட்டில் வாங்குபவருக்கு உரிமம் வேண்டும், அந்தப் போருக்கான அனுமதியும் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் மிகச் சிலர். எனவே ரைபிள் உயர்ந்ததாக இருந்தாலும் சந்தை குறுகியது. அவசரப்பட்டு விற்பதைவிட, உரிமத்தை ஒழுங்குபடுத்தி வைத்துக்கொள்வதே என் பார்வையில் நல்லது.

வைத்துக்கொள்வதானால் ஈரமே எதிரி. அம்பாசமுத்திரம் பக்கத்துச் சாரலிலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் தோலுறை ஈரத்தை உறிஞ்சி இரும்போடு ஒட்ட வைத்துவிடும். அழகான பழைய பெட்டியும் அப்படியே. துப்பாக்கியை உறையில்லாமல், காற்றோட்டமுள்ள பூட்டிய இரும்பு அலமாரியில், சிலிக்கா ஜெல் பையோடு வைக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் பூசினால் நாள்பட்டுப் பிசுபிசுத்து அழுக்கைப் பிடிக்கும். துப்பாக்கி எண்ணெய் கிடைக்காத இடத்தில் தையல் மிஷின் எண்ணெயை மெல்லியதாகத் துணியில் தொட்டுத் துடைத்தால் போதும். ஆயுதபூஜையன்று வைக்கும் சந்தனமும் குங்குமமும் கவனிக்க வேண்டியவை. ஈரச் சந்தனம் ஓர் இரவு இருந்தாலே அதன் அடியில் பழுப்புப் புள்ளி விழுந்துவிடும். பல ஆண்டு பூஜை கண்ட துப்பாக்கியின் பக்கத் தகட்டில், பொட்டு வைத்த வட்டம் மாறாமல் துரு குழிந்திருப்பதைக் காணலாம். பொட்டை மரக்கட்டையில் வைத்துவிட்டு அன்றே துடைத்துவிடுவது நல்லது. புளி போட்டுத் துலக்குவதும் உப்புத்தாள் போடுவதும் புதிதாக நீலப்பூச்சுக் கொடுப்பதும் வேண்டாம். பழைய மேற்பூச்சு போனால் மதிப்பில் பெரும்பகுதி அதோடு போய்விடும்.

பெரியவர் உயிரோடு இருக்கும் வீடுகளில் இன்னொரு வழியும் உண்டு. உரிமதாரர் 70 வயதை எட்டினாலோ, துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, எது முந்தியோ அப்போதே, தான் விரும்பும் சட்டப்படியான வாரிசுக்கு அதை மாற்றித் தர 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் இடம் தருகின்றன. தாத்தாவோ பெரியப்பாவோ நல்ல நினைவோடு இருக்கும்போதே பழைய உரிமப் புத்தகம், வாங்கிய ரசீது, வரிசை எண் ஆகியவற்றை எடுத்துவைத்து, மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மைக் கடிதத்தையும் சேர்த்துக் தங்கள் மாவட்டக் கலெக்டர் ஆபீஸில் (திருநெல்வேலிக்குக் கொக்கிரகுளத்தில்) விண்ணப்பித்துவிட்டால், பிற்பாடு காவல் நிலையத்துக்கும் கடைக்குமாக அலைய வேண்டியிராது.