அடிஸ்ல புதுசா வந்து சமைக்கிறவங்களுக்கு: பெர்பெரே, மித்மிதா, ஷிரோ

எத்தியோப்பியா தலைநகர் அடிஸ் அபாபாவுக்கு வேலைக்கு வந்தாச்சு, ஊர்ல இருந்து கொண்டு வந்த சாம்பார் பொடி எப்படியும் சீக்கிரம் காலி ஆயிடும், அதுக்கு ரொம்ப கவலைப்படாதீங்க, மெர்காட்டோ மார்க்கெட்டுக்கு ஒரு நடை போனா நமக்குத் தெரிஞ்ச சாமான் பாதி அங்கயே கெடைக்கும். வெந்தயம் அபிஷ், கருஞ்சீரகம் திக்குர் அஸ்முத், ஓமம் நெச் அஸ்முத், மஞ்சள் இர்த், இப்படித்தான் கேக்கணும். ஏலக்காய்னு கேட்டா கொரெரிமா குடுப்பாங்க, பெருசா பழுப்பா இருக்கும், வாசனையே வேற, தயவுசெஞ்சு பாயசத்துல போட்றாதீங்க.

எல்லாரும் சொதப்புற எடம் பெர்பெரே, அதாவது இங்க குழம்புக்குப் போடுற மசாலாப் பொடி. செவப்பா இருக்கேன்னு மிளகாத்தூள் கணக்கா கடைசில தூவுனா பச்ச வாசனை போகவே போகாது, ஏன்னா காஞ்ச மிளகாயோட பூண்டு, இஞ்சி, கொரெரிமா, ஓமம், வெந்தயம்னு ஏகப்பட்டது அதுல இருக்கு, நின்னு வேகணும். இங்க எப்டி பண்றாங்கன்னா, வெங்காயத்த நிறைய எடுத்து பொடிப்பொடியா நறுக்கி எண்ணெயே ஊத்தாம சட்டில வதக்குறாங்க, தண்ணி வத்தி நெறம் மாறுனப்புறம்தான் எண்ணெய், அப்புறம் பெர்பெரே, அடி பிடிக்க வந்தா கொஞ்சம் தண்ணி தெளிச்சு மறுபடி கிண்டி, 20 நிமிஷமாவது ஆகும், எண்ணெய் ஓரத்துல பிரிஞ்சு கருஞ்செவப்பா வரும். அதுல மைசூர் பருப்பு போட்டா மிசிர் வோத்ங்கற பருப்புக் குழம்பு ரெடி. பருப்புக்கு குக்கர் வெச்சுக்கோங்க, ஊரு 2300 மீட்டருக்கு மேல இருக்கு, தண்ணி 100 டிகிரி வர்றதுக்கு முன்னாடியே கொதிச்சிடும், சும்மா வெச்சா வேக ரொம்ப நேரம் இழுக்கும்.

மித்மிதா வேற ஜாதி. ஊசி மிளகா, கொரெரிமா, உப்பு சேத்து அரைச்சது, பச்ச மாட்டுக்கறி கித்ஃபோவுக்கெல்லாம் அதுதான். உப்பு ஏற்கனவே இருக்கு, பாத்து போடுங்க. ஷிரோங்கற குழம்புக்கு வாங்குற மாவும் அப்டித்தான், கொண்டக்கடலை மாவுலயோ பட்டாணி மாவுலயோ மசாலா கலந்தேதான் வரும்.

சைவம்னா புதன், வெள்ளி உங்க நாள், ஆர்த்தடாக்ஸ்காரங்க விரதம், ஹோட்டல்ல யெத்ஸோம் பெயாய்நெத்து கேட்டா இஞ்செரா (தோசை மாதிரி புளிச்ச ரொட்டி) மேல பருப்பும் காயுமா வரும். ஷிரோல போஸெனா ஷிரோன்னு ஒண்ணு இருக்கு, அதுல கறி உண்டு, பேர கேட்டுட்டு ஆர்டர் பண்ணுங்க.

பெர்பெரே கடைல வாங்குறத விட வீட்ல செஞ்சது நல்லாருக்கும், மிளகா காயவெச்சு மொத்தமா மில்லுல குடுத்து அரைக்கிற வீடு இங்க நெறைய, பக்கத்து வீட்டம்மாகிட்ட சொல்லி வெச்சீங்கன்னா அரைக்கிறப்போ உங்களுக்கும் ஒரு கிலோ சேத்துப்பாங்க, காச குடுத்துக்கலாம்.