கிளாஸ் கணக்கில் விற்க எந்த ஒயின்?

ஒரு ஒயினைக் கிளாஸ் கணக்கில் விற்கும் பட்டியலில் சேர்க்கும் முன், போன மாத பில்களை எடுத்து, அந்த வகை இரண்டு நாளில் ஐந்து கிளாஸாவது போகிறதா என்று பாருங்கள். போகவில்லையா, அதை முழு பாட்டிலாக மட்டும் விற்றால் போதும்.

750 மி.லி. பாட்டிலில் 150 மி.லி. வீதம் ஐந்து கிளாஸ்தான் வரும். ஊற்றுகிறவர் கை கொஞ்சம் தாராளம் என்றால் அதுவும் வராது. திறந்த பாட்டிலில் காற்று பட்டதும் பழ வாசனை மங்கிப் புளிப்பு தலைதூக்கும். மூடி ஃபிரிட்ஜில் வைத்தாலும் (சிவப்பு ஒயினையும் அங்கேதான் வைக்க வேண்டும்) பெரும்பாலானவை மூன்று நாளுக்கு மேல் பரிமாறும் தரத்தில் இருப்பதில்லை. பாட்டிலின் கொள்முதல் விலையை முதல் கிளாஸிலேயே எடுத்துவிடும் வழக்கம் பல உணவகங்களில் உண்டு, அதனால் மீதியைக் கொட்டினாலும் நஷ்டம் கண்ணில் படாது. பழையதை ஊற்றிக் கொடுத்து, வாடிக்கையாளர் பாதியில் வைத்துவிட்டுப் போவதுதான் உண்மையான நஷ்டம்.

நுரைக்கும் ஒயினுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. மறுநாளே நுரை குறைந்துவிடும் என்பதால் அன்றே தீர வேண்டும். இல்லையேல் 200 மி.லி. சின்ன பாட்டில் வாங்குங்கள். போர்ட் போல ஸ்பிரிட் (காய்ச்சி வடித்த மது) சேர்த்த ஒயின்கள் வாரக்கணக்கில் தாங்கும். ஒயினில் காற்று படாமல் தடுக்க ஆர்கான் வாயு செலுத்தும் கருவி வைத்திருப்பவர்களுக்கும் இரண்டு நாள் வரம்பு தேவையில்லை.